தோணிச்சந்தையில் கொக்கிகள் நிமிர்ந்த கதை

தோணிச்சந்தை என்று ஓர் ஊர். பெயரில்தான் தோணி, ஊரில் ஆறு கிடையாது. ஏன் என்று கேட்டால் கதை வேறு பக்கம் போய்விடும். அந்த ஊரில் ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தை கூடி ஆள் நெருங்குகிற நேரத்தில், கொக்கிகள் நிமிர்ந்துகொண்டன. ஒன்றிரண்டு இல்லை, அத்தனையும். மைதீன் பாய் கறிக்கடையில் உரித்துத் தொங்கிய கிடாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் இறங்கின, உத்தரத்தில் மாட்டிய தொட்டில்கள் உள்ளே கிடந்த பிள்ளையை எழுப்பாமல் பையத் தாழ்ந்து படுத்தன, கிணற்றில் பாதி தூரம் ஏறிவந்த வாளிகள் வந்த வழியே திரும்பிப் போயின, அவற்றை எடுக்கப் பாதாளக் கரண்டியை இறக்கினால் அதன் கொக்கிகளும் நிமிர்ந்து முள்ளம்பன்றி மாதிரி வெறுமனே மேலே வந்தது, முருங்கைக்காய் பறிக்கிற துரட்டி வெறும் கம்பானது, குளியலறைக் கதவின் கொக்கி விட்டுப்போய் உள்ளே இருந்தவர்கள் "ஆள் இருக்கு, ஆள் இருக்கு" என்று கத்தினார்கள், மேலத்தெருவில் மின்கம்பியில் கொக்கி போட்டுத் திருட்டுக் கரண்ட் எடுத்த வீடுகளில் மின்விசிறிகள் ஒரே மூச்சில் நின்றன, முதலில் நின்றது லைன்மேன் வீட்டு விசிறி. சந்தைக்கு வந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்தி, கைகளைக் கட்டிக்கொண்டு, ஏதோ பெரிய யோசனையில் இருப்பவர்கள் மாதிரி நின்றார்கள். ஜாக்கெட்டுக்கும் கொக்கிதானே.

லோடுமேன்களின் மூப்பர் பலவேசம் அப்போது லாரியிலிருந்து பல்லாரி மூட்டை ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார். கைக்கொக்கி நிமிர்ந்தது, மூட்டை அவர் காலடியில் பொத்தென்று உட்கார்ந்தது, வெங்காயம் தெருவெல்லாம் உருண்டது. கையில் மிஞ்சியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, கொக்கி போச்சா?" என்றான் கொம்பையா. அவருக்குக் கீழே மூட்டை தூக்குகிறவன், வாய் சும்மா இருக்காது.

"கம்பியாயிட்டு. வெங்காயத்தப் பொறுக்கு."

ஊர் பட்ட ஆச்சரியம் அவ்வளவுதான். அதற்கு மேல் நேரமில்லை, சந்தை நாள்.

மைதீன் பாய் ஓலைப்பாய் விரித்துக் கிடாய்களை வரிசையாகப் படுக்கவைத்து, தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டினார். "தொங்கினா கறி. படுத்தா மையத்து மாதிரில்லா இருக்கு," என்று அவரே சொன்னதில், வாங்க வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, எலும்போடு அரைக் கிலோ என்பதைக்கூடத் துக்கம் விசாரிப்பது போலக் கேட்டு வாங்கிப் போனார்கள். தையல்காரி எஸ்தர் கொக்கிப் பெட்டியை மூடி வைத்துவிட்டு நாடாவுக்கு மாறினாள், முடிச்சு முதுகில் வந்தது, தானே கட்டிக்கொள்ள எட்டாத இடம் என்பதால் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் காலையில் ஒருத்திக்கொருத்தி முதுகைக் காட்டி நின்றார்கள், நின்றதோடு நாலு வார்த்தை பேசவும் செய்தார்கள். தென்காசியிலிருந்து புதுக் கொக்கி வாங்கிவந்தவர்களும் உண்டு. ஊர் எல்லையில் ஒரு வளைவு இருக்கிறது, பஸ் அதைத் தாண்டியதும் பொட்டலத்துக்குள்ளேயே அவை நிமிர்ந்துவிட்டன. அதற்குப் பிறகு கண்டக்டர் வளைவுக்கு முன்னாலேயே விசில் ஊதி, "தோணிச்சந்தை வருது, கொக்கி இருக்கவங்க எல்லாம் பாத்துக்கிடுங்க," என்று குரல் கொடுப்பார், வெளியூர்ப் பெண்கள் கைகளைக் கட்டிக்கொள்வார்கள். விசாரிக்க வந்த தாசில்தாருக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. பேன்ட் கொக்கி விட்டுப்போக, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஊரைச் சுட்டிக்காட்டி என்னென்னவோ கேட்டுவிட்டு, ஜீப்பில் ஏறிப் போனவர் பிறகு வரவில்லை. பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாளில் கேள்விக்குறிகள் நிமிர்ந்து ஆச்சரியக்குறிகளாகிவிட்டதால் பிள்ளைகள், பாண்டிய நாட்டின் தலைநகரம் எது! என்று படித்துவிட்டு, ஆமாம் என்று பதில் எழுதிவிட்டு வந்தார்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். தாலிச் சங்கிலிக்கும் கொக்கிதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமையே, கொடியில் துணி காயப்போட்டவள் கழுத்திலிருந்து நழுவியது, மாட்டுக்குக் கழுநீர் வைத்தவள் கழுத்திலிருந்து தொட்டிக்குள் விழுந்தது, பருப்பு கடைந்தவளுக்குப் பருப்புச் சட்டிக்குள். ஊர்ப் பெண்கள் ஒரே ஓட்டமாக அம்மன் கோயிலுக்கு ஓடினார்கள். மஞ்சள் கயிறு கொண்டுவரச் சொல்லி, புருஷன்மார்களைச் சந்தையிலிருந்தும் டீக்கடையிலிருந்தும் கட்டிலிலிருந்தும் இழுத்துவந்து, வரிசை போட்டு நின்று, கிழவன் கிழவி என்று பார்க்காமல் எல்லாரும் மறுபடி கட்டிக்கொண்டார்கள். மேளம் ஒன்றுதான் இல்லை. பலவேசமும் வெங்காயத் தோல் ஒட்டிய கையோடு ஒரு கயிறு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார். அவர் முன்னால் நின்றவர்கள் கட்டிவிட்டுப் போனார்கள், பின்னால் நின்றவர்களும் கட்டிவிட்டுப் போனார்கள். பூசாரி நடையைச் சாத்தினார். அவர் பெண்டாட்டி வடிவு வரவில்லை.

"மதினி கழுத்துல கட்டலையே அண்ணாச்சி," என்றான் கொம்பையா.

வேறு நாளாக இருந்தால் இதே கொம்பையா, மதினிக்கு மேலுக்குச் சொகமில்லையோ, இல்ல கோயிலுக்கு வழி மறந்துட்டோ என்று வளைத்துத்தான் கேட்டிருப்பான், பலவேசமும் அதே வளைவில் ஒன்று திருப்பிப் போட்டிருப்பார். இது நேராக வந்து குத்தியது. வீட்டைப் பார்க்க நடந்தார்.

வீட்டில் வடிவு கால் நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். வெறுங்கழுத்து. தாலியும் சங்கிலியும் அரிசி நிரம்பிய நாழியில், அரிசிக்கு மேலே சுருண்டு கிடந்தன. பலவேசம் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, கழுத்து லேசா இருக்கோ, எவ சொல்லிக்குடுத்த யோசனை இது என்று கேட்க வாயைத் திறந்தார். நாக்கு வரைக்கும் அந்தக் கேள்வி வளைந்துதான் வந்தது. பல்லைத் தாண்டும்போது நிமிர்ந்துவிட்டது.

"கழுத்து லேசா இருக்கு," என்றார்.

வடிவு பூண்டைக் கீழே வைத்தாள். "ஆமா," என்றாள். "லேசாத்தான் இருக்கு."

கேள்வியில் கொக்கி போடுவது என்று ஒரு வேலை இருக்கிறது, தெரியாதவர்கள் கிடையாது. ஆமாம் என்றாலும் மாட்டும், இல்லை என்றாலும் மாட்டும், பேசாமல் இருந்தால் இன்னும் நன்றாக மாட்டும். தோணிச்சந்தையில் அதில் பலவேசத்தை மிஞ்ச ஆள் கிடையாது. மூட்டையைக் கையால் தூக்குவார், ஆளை வாயால் தூக்குவார் என்பார்கள். பஞ்சாயத்துகளுக்கு அவரைக் கூப்பிட்டுப் போய் ஓரமாக உட்காரவைத்து, பிடி கொடுக்காத ஆள் வந்தால் முன்னால் விடுவார்கள். வெளியே எப்போதாவது, வீட்டில் எப்போதும். "இன்னைக்குக் கொழம்புல உப்பு சரியா இருக்கே, யாரும் வந்தாங்களோ?" என்பார். யாரும் வரலை என்றால், "அப்ப எனக்கு மட்டும்னா வேணும்னே குறைச்சுப் போடுதியோ?" சரியாத்தானே எப்பவும் போடுதேன் என்றால், "அப்ப என் நாக்குதான் செத்துப்போச்சா?" வடிவின் தங்கச்சி திருப்பூரில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள், வந்து கூட இரு அக்கா என்று வருஷம் தவறாமல் கூப்பிடுவாள். "போயிட்டு வா, போயிட்டு வா," என்பார் பலவேசம், "திருப்பூர்ல இட்லி மட்டுந்தான் உன்னைய எதிர்பாத்துக் காத்துக்கிடக்கோ?" அவள் எடுத்த பையைத் திரும்ப வைத்துவிடுவாள். அடித்ததில்லை, குடித்ததில்லை, அதனால் ஊரில் அவருக்கு நல்ல பெயர்.

அந்தக் கொக்கிகளும் அன்றைக்கு நிமிர்ந்துவிட்டன. அவருக்கு மட்டும் இல்லை, ஊருக்கே. மாமியார்கள் மருமகளைப் பார்த்து, "எனக்கு உன்னைப் பிடிக்கல," என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஸ்டேஷனில் ஏட்டையா ஆட்டுத் திருடனை உட்காரவைத்து வளைத்து வளைத்துக் கேட்க நினைத்து, "ஆடு எடுத்தியா?" என்று கேட்டார். அவன், "இல்ல சார்," என்றான். மேலே கேட்க ஒன்றும் இல்லாமல் இரண்டு பேரும் டீ குடித்தார்கள். கல்யாணத் தரகர், மாப்பிள்ளைக்கு முன்கோபம் உண்டு என்று பெண் வீட்டில் அவராகவே சொல்லிவிட்டு, செருப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பலவேசம் பாடுதான் பெரும்பாடு. சாப்பிட உட்கார்ந்தால் பழக்கதோஷத்தில் வாய் திறக்கும்.

"கொழம்புல உப்பு சரியா இருக்கு."

வடிவின் கையில் கரண்டி நின்றது. எத்தனையோ வருஷத்தில் அந்தச் சொற்கள் அவளிடம் வால் இல்லாமல் வந்தது அதுதான் முதல் தடவை. வாலுக்காகக் கொஞ்ச நேரம் காத்து நின்றாள். வரவில்லை. அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் அவள் துணி மடித்தாள். எவன் கண்ணு படணும்னு இவ்வளவு பதவிசா மடிக்க என்று ஆரம்பித்தார், "பதவிசா மடிச்சிருக்க," என்று முடிந்தது. அதற்கு மறுநாள் தெருவில் அவள் யாரோடோ சிரித்துப் பேசிவிட்டு வந்தாள். "சிரிச்சா நல்லா இருக்க ஏளா," என்றார், சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே சந்தேகமாகத் தடவிப் பார்த்தார்.

வடிவு பரணிலிருந்து ஒயர் கூடையை இறக்கினாள். சேலைகளை உள்ளே அடுக்கினாள்.

"நல்லாத்தானே பேசுதேன்," என்றார் பலவேசம். குரல் உயர்ந்தது. "பெறவு என்னத்துக்குக் கூடை?"

"நீரு எங்க பேசுதீரு. கொக்கி இல்லாதது பேசுது. ஊருக்கு வந்தது உமக்கும் வந்திருக்கு, அவ்வளவுதான்."

"அப்ப கெளம்புதியா?"

"இன்னைக்கு இல்ல." கூடையை வாசல் நடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். "கொக்கி ஒருநாள் வளையும்லா. வளையட்டும். வளைஞ்ச பெறவு உம்ம வாயிலேருந்து என்ன வருதுன்னு பாத்துட்டுச் சொல்லுதேன், இருக்கேனா போறேனான்னு."

அன்றிலிருந்து பலவேசத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் எழுந்து, கூரை இறவாணத்தில் செருகியிருந்த கைக்கொக்கியை, கம்பியை, எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நேராக இருந்தால் மூச்சு வரும். சந்தைக்குப் போவார், பாதி மூட்டை இறக்கிவிட்டு ஓடிவந்து மறுபடி பார்ப்பார். கூடையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும், கூடையைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். உட்கார்ந்தால் எழுந்திருப்பார், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று நிற்பார்.

ஊருக்கோ இதற்குள் சலித்துவிட்டது. முடிச்சுப் போட்டுப் போட்டு விரல் நொந்துபோனது. மாட்டி வைக்க இடம் இல்லாமல் பை, குடை, சட்டை, லாந்தர், தூக்குவாளி எல்லாம் தரையில் கிடந்து, நடக்கிறவர்கள் காலில் தட்டியது. தொட்டில் இல்லாத பிள்ளைகள் தவழ்ந்து தெருவுக்கு வந்தன. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள், நேர்ப்பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. டீக்கடைகளில் ஆள் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, எழுந்து போய்விட்டார்கள். ஒரு டீக்கு மேல் யாருக்கும் வேலை இல்லை. "பேச்சுல ஒரு பிடிமானம் இல்லாம எப்படிவே இருக்க?" என்று கிழவர்கள் அழாத குறை. கடைசியில் கூடிப் பேசி மாடன் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். எஸ்தர் தன் பங்குக்குச் சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றினாள், மைதீன் பாய் பள்ளிவாசலில் துஆ கேட்டார். கொக்கி வளையணும் சாமி என்று ஊரே கைகூப்பி நின்ற கூட்டத்தில் பலவேசமும் கைகூப்பி நின்றார். வளையக் கூடாது, வளையக் கூடாது என்று அவர் உதடு அசைந்தது. மாடன் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் திணறியிருக்க வேண்டும், சில நாள் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒரு காலையில் கம்பியின் நுனி கொஞ்சம் தலை குனிந்திருந்தது.

பலவேசம் அதை அம்மிக்கல்லில் வைத்துக் குழவியால் அடித்தார். நிமிர்ந்தது. மறுநாள் மறுபடி குனிந்தது, மறுபடி அடித்தார். அடிக்கிற சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தான் கொம்பையா.

"அண்ணாச்சி, ஊரே வளையச் சொல்லி வேண்டுது. நீரு நிமித்துதீரு."

"என் கொக்கி. நான் நிமித்துதேன். நீ போ."

"உம்ம கொக்கி ஒண்ண நிமித்தி என்ன ஆகப்போவுது?"

பலவேசம் குழவியால் இன்னொரு அடி அடித்தார். கொம்பையா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வாசல் நடையில் இருந்த ஒயர் கூடையையும் அவர் கையில் இருந்த குழவியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மதினி போயிருவான்னு பயப்படுதீரு," என்றான்.

"ஆமா."

"எனக்கும் உம்மளப் பாத்தா பாவமாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுத் தானே கூச்சப்பட்டு, துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டான். உள்ளே வடிவு உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது.

அடுத்த சந்தை நாளில் கொக்கிகள் வளைந்தன. நிமிர்ந்தது போலவே, எல்லாம் ஒருசேர. பலவேசத்தின் கைக்குள்ளேயே இரும்பு ஒரு புழுவைப் போல நெளிந்து, சுருண்டு, பழையபடி நின்றது. ஊர் ஓவென்று கத்தியது. கிடாய்கள் மேலே போயின, தொட்டில்கள் மேலே போயின, கிணற்றுக்குள் கிடந்த வாளிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, மேலத்தெருவில் விசிறிகள் சுற்றின. பெண்கள் மஞ்சள் கயிற்றைக் கழற்றிச் சங்கிலியை மாட்டிக்கொண்டார்கள். எஸ்தர் நாடாக்களை மூட்டை கட்டிவிட்டுக் கொக்கிப் பெட்டியைத் திறந்தாள். மைதீன் பாயிடம் ஒரு அம்மாள், "நேத்துப் படுத்துக்கிடந்தப்ப நல்லா இருந்த கறி இன்னைக்குத் தொங்குனதும் எளைச்சுப்போச்சோ?" என்று கேட்டாள். அவர் சந்தோஷத்தில், "அப்படிக் கேளுங்க தாயி!" என்று ஒரு துண்டு கூடுதலாகப் போட்டார். வெயில் ஏறுவதற்குள் டீக்கடைகள் நிரம்பின. சண்டைகள் ஆரம்பமாயின. ஊர் தன் இடத்துக்கு வந்துவிட்டது.

பலவேசம் மூட்டையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். வாய்க்குள் அவை எல்லாம் திரும்பி வந்துவிட்டதை அவர் உணர்ந்தார். நாக்கை அசைத்தால் குத்தியது.

வடிவுக்கும் தெரிந்திருந்தது. அவள் மாற்றுச் சேலை கட்டியிருந்தாள். இலை போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றிவிட்டு, எதிரே நின்றாள். பலவேசம் உட்கார்ந்தார். பிசைந்தார். ஒரு வாய் வைத்தார்.

நல்ல சேலையா இருக்கே, பஸ்ஸுல யாரும் இடம் போட்டு வச்சிருக்காங்களோ என்பது வந்தது. அதை விழுங்கினார். நான் கேட்டாத்தான் இருப்பியோ, இல்லன்னா முன்னாலயே முடிவு பண்ணிட்டுத்தான் இலை போட்டியோ என்பது வந்தது. அது தொண்டையில் இழுத்துக்கொண்டு இறங்கியது. மூன்றாவதாக வந்தது இன்னும் மோசம், அதை இங்கே சொல்ல வேண்டாம். நூறு கிலோ மூட்டையை முதுகில் ஏற்றி லாரிப் பலகையில் ஏறுகிற மனுஷனுக்கு உட்கார்ந்த இடத்தில் நெற்றியில் வேர்த்து, மீசையில் இறங்கி, சோற்றில் சொட்டியது. வடிவு நின்றுகொண்டே இருந்தாள். ஒரு சொல்லை எடுத்தார், வாய்க்குள்ளேயே போட்டு அடித்தார், அது மறுபடி குனிந்தது, மறுபடி அடித்தார். இப்போது நிமிர்த்திக் கொடுக்க ஊரில் எந்த நோயும் இல்லை.

"போறியா வடிவு?" என்றார்.

வால் வருகிறதா என்று அவள் பார்த்தாள். வரவில்லை. சோறு ஆறியது.

"போறேன்," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். "நான் அங்கன வந்து பாக்கலாமா?"

இது வருவதற்கு இன்னும் அதிக நேரம் எடுத்தது.

வடிவு நாழியிலிருந்து தாலியை எடுத்து அரிசி போக உதறி, கழுத்தில் போடாமல், வீட்டிலும் வைக்காமல், சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊர் பிறகு பல நாள் பேசியது.

"சித்திரை கழிஞ்சு வாரும்," என்றாள். "வந்து, கடை வாசல்ல நின்னு, இருக்கியா வாரியான்னு கேளும். இப்பக் கேட்டீருல்லா, அதே மாதிரி கேக்கணும். அப்ப எனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுதேன்."

"அதுவரைக்கும் எனக்கு இப்படிக் கேக்க வருமான்னு தெரியலயே."

"எனக்கும் தெரியல. சாப்பிடும், பஸ்ஸுக்கு நேரமாவுது."

சாப்பிட்டார். கூடையைத் தலையில் வைத்துக்கொள்ளாமல், தோளில் போடாமல், கையில் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் நடந்தார். பஸ் வந்தது. அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கூடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

பஸ் வளைவைத் தாண்டிப் போகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, சந்தைக்குத் திரும்பினார். விட்டுவிட்டுப் போன மூட்டை அப்படியே கிடந்தது. டீக்கடை பெஞ்சில் நெருக்கியடித்து ஆள். கொம்பையா நடுவில் உட்கார்ந்திருந்தான். இத்தனை நாள் பட்டினி கிடந்த வாய், கூட்டம் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறது, அவனைச் சொல்லியும் குற்றமில்லை.

"என்ன அண்ணாச்சி," என்று ஆரம்பித்தான், "மதினி கூடையும் கையுமா பஸ் ஏறுதாளே, தங்கச்சிக்கு ஒத்தாசைக்கா, இல்ல வீட்டுச் சோறு கசந்துபோச்சா?"

பெஞ்சு முழுக்கத் திரும்பியது. இதற்குப் பலவேசத்திடமிருந்து என்ன வரும், எவ்வளவு வளைந்து வரும், கொம்பையா எத்தனை நாளைக்குத் தலைகாட்ட மாட்டான் என்று டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கசந்துபோச்சு," என்றார் பலவேசம். "என்னாலதான்."

கொம்பையாவுக்கு மேலே கேட்க ஒன்றும் கிடைக்கவில்லை. எழுந்து வந்து மூட்டையின் மறு முனையைப் பிடித்தான்.